யார்டில் விடிய விடிய உறுமும் ரயில் எஞ்சினை நிறுத்தச் சொல்ல கலிபோர்னியாவுக்கு அதிகாரம் இல்லையா?

ஜன்னலோரம் கேட்டது:

வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்னார்: "பின்னால் ரயில் யார்டு இருக்கிறது, ஆனால் பழகிவிடும்." சத்தம் பழகிவிட்டது, உண்மைதான். புகைதான் பழகவில்லை.

நாங்கள் இருப்பது தெற்கு கலிபோர்னியாவில், கடலிலிருந்து தள்ளி உள்பக்கம். எங்கள் கொல்லையிலிருந்து யார்டு வேலிக்கு நடந்தால் எட்டு நிமிஷம். நள்ளிரவில் எப்போது கண் விழித்தாலும் ஒரு எஞ்சினாவது உறுமிக்கொண்டு நிற்கும். எதையும் இழுக்காது, எங்கேயும் போகாது. போன மாதம் ஒரு நாள் தூக்கம் வராமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரவு 11:40 முதல் காலை 4:15 வரை அதே எஞ்சின், அதே இடம். விடிந்ததும் ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துப்போகிறது. பையன் இன்ஹேலர் வைத்திருக்கிறான். இந்தப் புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு அவன் அறை ஜன்னலைத் திறக்க எனக்கு மனசு வருவதில்லை.

நான்கு அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். ஒவ்வொருவரும் அடுத்தவர் நம்பரைத் தந்தார்கள். கடைசியாகப் பேசியவர் நல்ல மனிதர். "லாரி ஐந்து நிமிஷத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிட்டு நின்றால் சொல்லுங்கள், நடவடிக்கை எடுக்கலாம். ரயில் எஞ்சின் என்றால் அது ஃபெடரல்" என்றார்.

என் பழைய கொரோலாவுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஸ்மாக் செக் கேட்கிற மாநிலம் இது. நாட்டிலேயே கடுமையான கார் புகை விதிகள் இங்கேதான். அப்படியிருக்க ரயில் எஞ்சினிடம் மட்டும் ஏன் வாய் மூடி நிற்கிறது? சட்டம் தெரிந்தவர்களோ ரயில்வேயில் வேலை பார்த்தவர்களோ புரியும்படி சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பதினாறு சிலிண்டர் எழுதியது:

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை. 26 வருஷம் ரயில் எஞ்சின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் உங்கள் கேள்வியின் முடிச்சு சட்டப் புத்தகத்தில் பாதி, எங்கள் ஷாப்பில் பாதி என்பதால் என் பாதியைச் சொல்கிறேன்.

எல்லாம் 'புதிய' என்ற ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

சுத்தமான காற்றுச் சட்டத்தை 1990-ல் அமெரிக்க காங்கிரஸ் திருத்தியபோது, புதிய ரயில் எஞ்சின்களுக்கு எந்த மாநிலமும் புகை வரம்பு விதிக்கக் கூடாது, விதிக்க முயலவும் கூடாது என்று எழுதிவிட்டது. கார் விஷயத்தில் கலிபோர்னியாவுக்கு ஒரு வாசல் உண்டு. ஃபெடரல் சுற்றுச்சூழல் நிறுவனமான ஈபிஏவிடம் விலக்கு வாங்கிக்கொண்டு சொந்த விதி போடலாம். புதிய ரயில் எஞ்சினுக்கு அந்த வாசலே கிடையாது, அங்கே சுவர்தான். (இதே சுவருக்குப் பின்னால் 175 குதிரைத்திறனுக்குக் குறைந்த புதிய விவசாய, கட்டுமான எஞ்சின்களும் இருக்கின்றன.)

"சரி, புதியதுக்குத்தானே தடை? என் வீட்டுப் பின்னால் நிற்பது கிழட்டு எஞ்சின்" என்பீர்கள். அங்கேதான் எங்கள் ஷாப் வருகிறது.

1979-ல் பிறந்த ஒரு 2000 குதிரைத்திறன் எஞ்சின் உள்ளே வருகிறது என்று வையுங்கள். பதினாறு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் எல்லாம் சேர்ந்த ஒரு செட். அதற்குப் பெயர் பவர் அசெம்பிளி. பதினாறையும் கிரேன் வைத்துத் தூக்கி எடுத்துவிட்டுப் புதுப்பித்த செட்டுகளை இறக்குவோம், இன்ஜெக்டர்களை மாற்றுவோம். கடைசியில் ஒரு சின்ன லேபிள் ஒட்டுவோம். பவர் அசெம்பிளி அத்தனையையும் ஐந்து வருஷத்துக்குள் மாற்றினால், அல்லது சோதித்துத் தேறியதாக உறுதி செய்தால், ஈபிஏ பாஷையில் அது 'மறு உற்பத்தி'. மறு உற்பத்தி ஆன எஞ்சின் சட்டத்தின் கண்ணில் 'புதியது'. என் கையால் எத்தனையோ கிழங்களைக் குழந்தை ஆக்கி அனுப்பியிருக்கிறேன். வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகும்போது அதே துருப்பிடித்த ஏணி, அதே ஓட்டை ஹாரன். ஆனால் காகிதத்தில் நேற்றுப் பிறந்தது.

இந்த விளக்கத்தை ஈபிஏ 1998-ல் எழுதியது. அதன் நோக்கம் கெட்டதல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். ரயில் எஞ்சின் முப்பது நாற்பது வருஷம் ஓடும். புதிதாகக் கட்டும் எஞ்சினுக்கு மட்டும் வரம்பு வைத்தால் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். அதனால் பழையதைப் பிரித்துக் கோர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓரளவு சுத்தமாக்கு என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மாநிலத்தின் கையைக் கட்டும் கயிறும் அதே வார்த்தைதான் என்று ஆகிவிட்டது.

எவ்வளவு சுத்தம் என்று கேட்டால் சிரிப்பு வரும். 2015 முதல் கட்டப்படும் எஞ்சின் 'Tier 4', அதாவது ஈபிஏவின் ஆகக் கடுமையான தர வகுப்பு. அது ஒரு குதிரைத்திறன்-மணிநேர வேலைக்கு 1.3 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுதான் விடலாம். நான் சொன்ன 1979 கிழம் மறு உற்பத்திக்குப் பின் நெடுந்தூர ஓட்டத்துக்கான கணக்கில் 8 கிராம் வரை விடலாம். புகைத்துகள் புதியதற்கு 0.03 கிராம், பழையதற்கு 0.22. இரண்டுமே சட்டப்படி 'புதியவை'. 1973-க்கு முன் பிறந்ததோ, மேம்படுத்தாத வரைக்கும் மறு உற்பத்தி செய்தாலும் 'புதியது' ஆகாது. அதனால் இந்த வரம்புகூட அதற்கு இல்லை.

அப்புறம் இன்னொரு கூத்து. எஞ்சின் புதியதான நாளிலிருந்து அதன் பயனுள்ள ஆயுளில் 133 சதவீதம் முடியும் வரை மாநிலம் கிட்டே வரக்கூடாது என்று அந்த 1998 விதி சொன்னது. ஆயுள் முடிகிற சமயத்தில் எஞ்சின் மறுபடி எங்கள் ஷாப்புக்கு வரும், மறுபடி லேபிள், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து கணக்கு. அந்த 133-ஐ எட்டிப் பிடித்த எஞ்சினை நான் பார்த்த ஞாபகம் இல்லை. 2023 நவம்பரில்தான் ஈபிஏ அந்த வரியை எடுத்தது. சட்டம் தடுப்பதைவிடக் கூடுதலாக நம் விதி தடுத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டுதான் எடுத்தது. 25 வருஷம் கழித்து.

---

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

சார் சொன்னது முதல் பூட்டு. கதவில் இரண்டு பூட்டு இருக்கிறது. போக்குவரத்து ஒழுங்குமுறை வழக்குகளில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டாவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

ரயில்வேயைக் கட்டுப்படுத்த 1887-ல் தொடங்கிய மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்தை 1995-ல் ஒரு சட்டம் போட்டு மூடினார்கள். அதன் இடத்தில் தரைவழிப் போக்குவரத்து வாரியம் வந்தது. ரயில் நிறுவனங்களின் போக்குவரத்து, அவற்றின் செயல்பாடு, வசதிகள் மீது அந்த வாரியத்துக்கே தனி அதிகாரம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிடலாம் என்பதும் 'செயல்பாடு' என்று வாதிட முடியும், அப்படித்தான் வாதிட்டார்கள்.

ஜன்னலோரம் மேடம், உங்கள் பிரச்சினைக்கு அச்சு அசலான வழக்கு ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் தென்கரைக் காற்றுத் தர மாவட்டம், யார்டுகளில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு வரம்பு வைத்தும், அதைப் பதிவு செய்து அறிக்கை தரச் சொல்லியும் விதிகள் கொண்டுவந்தது. ரயில் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் விதிகள் செல்லாது என்றது. ரயில்வேக்கு மட்டும் என்று குறிவைத்து எழுதிய விதி ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே 1995 சட்டம் அதை விழுங்கிவிடுகிறது என்பது தர்க்கம்.

ஆனால் தீர்ப்பில் ஒரு துளை விட்டுவைத்தார்கள். மாநிலங்கள் காற்றைச் சுத்தப்படுத்த ஒரு செயல்திட்டம் எழுதி ஈபிஏவிடம் கொடுக்கும். ஈபிஏ ஒப்புதல் தந்துவிட்டால் அதிலுள்ள விதி ஃபெடரல் சட்டத்தின் பலம் பெறும். அப்போது ஒரு ஃபெடரல் சட்டத்தையும் இன்னொரு ஃபெடரல் சட்டத்தையும் ஒத்துப்போகும்படி படிக்க வேண்டிவரும். இந்த மாவட்டத்தின் விதிகள் அந்த ஒப்புதலைப் பெற்றிருக்கவில்லை, அதனால் விழுந்தன. பிறகு அதே வழியில் போகப் பார்த்தபோது, ஒப்புதல் தந்தால் செல்லுமா என்று ஈபிஏ அந்த வாரியத்தையே கேட்டது. 2014 டிசம்பர் கடைசியில் வாரியம் தீர்ப்பு எதுவும் தர மறுத்துவிட்டது. தராவிட்டாலும் கவலைப்படும்படி நாலு வார்த்தை எழுதிவைத்தது.

முன்பு இப்படி இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. சிகாகோ நகரம் 1881-லேயே படகு, ரயில் எஞ்சின் புகைபோக்கியிலிருந்து வரும் அடர்ந்த புகையைப் பொதுத்தொல்லை என்று சட்டம் போட்டது. டெட்ராய்ட் துறைமுகத்தில் நின்ற சிமென்ட் கப்பல்கள் மீது நகரப் புகை விதி பாய்ந்தபோது, "எங்கள் கொதிகலனுக்கு ஃபெடரல் உரிமம் இருக்கிறது" என்றது கப்பல் நிறுவனம். அந்த உரிமம் கொதிகலன் வெடிக்காமல் இருக்க, நகர விதி மக்கள் மூச்சுவிட, இரண்டும் வேறு வேறு என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 1990, 1995 சட்டங்கள் மட்டும் வந்திருக்காவிட்டால் உங்கள் நகராட்சிக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடையாது.

---

நீடில்ஸ் வழி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், கொஞ்சம் இந்தப் பக்கமும் வாருங்கள். நான் சரக்கு ரயிலில் கண்டக்டர். எஞ்சின் புகையை உங்கள் எல்லாரையும்விட அதிகம் குடித்தவன் நானாகத்தான் இருப்பேன், அதனால் புகைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள்.

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற கன்டெய்னர் வண்டியில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு எஞ்சின். அதில் ஒன்று வேறு ரயில்வேயின் நிறம். கடன் வாங்கியது, திரும்பப் போகும்போது வேறு வண்டியில் போகும். அரிசோனாவைத் தாண்டி கொலராடோ ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கலிபோர்னியா. அந்தப் பாலத்தில் நின்று "இந்த எஞ்சினுக்கு 23 வயசு ஆகிவிட்டது, கழற்று" என்றால் எங்கே கழற்றுவது? எல்லா மாநிலமும் இதையே ஆரம்பித்தால்?

இது கற்பனை பயம் இல்லை. அரிசோனா 1912-ல் பயணிகள் வண்டிக்கு 14 பெட்டி, சரக்கு வண்டிக்கு 70 பெட்டி என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பயந்து நெடுந்தூர வண்டிகளை எல் பாசோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு மாநிலத்தின் விதி அண்டை மாநிலங்களின் வண்டியையும் ஆட்டிவைத்தது. 1945-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. புகைக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் உண்டு. ரயில் செலவு ஏறினால் பெட்டிகள் காற்றில் மறைந்துவிடாது, 710 நெடுஞ்சாலையில் லாரியாக ஓடும்.

---

பதினாறு சிலிண்டர் எழுதியது:

தம்பி நீடில்ஸ், நியாயம். நெடுந்தூர வண்டி விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். ஆனால் தங்கச்சி வீட்டுப் பின்னால் நிற்பது எந்த எஞ்சின்? காலையிலும் மாலையிலும் அங்கேயே பெட்டிகளைத் தள்ளிக் கோர்க்கிற ஸ்விட்சர் என்றால், அது அந்த வட்டாரத்தை விட்டே போகாத வண்டி. நெடுந்தூர ஓட்டத்துக்கு லாயக்கில்லாமல் போன கிழத்தைத்தான் யார்டுக்குத் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். குடியிருப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது அதுதான். இதற்கும் சிகாகோவுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லையில் எஞ்சின் மாற்ற முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1902 ஜனவரியில் நியூயார்க் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகையும் நீராவியும் சூழ்ந்து சிக்னல் தெரியாமல் ஒரு ரயில் இன்னொன்றின் பின்னால் மோதி 15 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம், 1908-க்குப் பிறகு அந்த வழியில் நீராவி எஞ்சினே வரக்கூடாது என்றது. ரயில்வே என்ன செய்தது? மின்சாரத் தடம் போட்டது, ஊருக்கு வெளியே எஞ்சினை மாற்றியது. இன்றைய கிராண்ட் சென்ட்ரல் அதன் விளைவுதான். பணம் செலவானது, நிச்சயமாக. ஆனால் ரயில் நிற்கவில்லை.

எஞ்சின் ஏன் நிறுத்தாமல் ஓடுகிறது என்றும் யாரும் சொல்லவில்லை. டிரைவருக்குச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பழைய எஞ்சினின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான், உறையாத திரவம் ஊற்றுவதில்லை. அது கசிந்து எண்ணெயில் கலந்தால் பேரிங் போய்விடும். குளிரில் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்கும். அதற்குப் பயந்து ராத்திரி முழுக்க ஓடவிடுவார்கள். (தண்ணீர் உறையும் நிலைக்கு வந்தால் தானாகத் திறந்து கொட்டிவிடும் ஒரு வால்வு உண்டு, அதற்குப் பெயர் நிஜமாகவே 'குரு'. நல்ல குரு, எல்லாவற்றையும் துறக்கச் சொல்லும்.) அப்புறம் பிரேக்குக்குக் காற்றழுத்தம் வேண்டும், பேட்டரி இறங்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஒரு கருவி வந்து ரொம்ப நாளாகிறது. முப்பது நிமிஷம் சும்மா ஓடினால் எஞ்சினைத் தானே நிறுத்தும், தண்ணீர் குளிர்ந்தாலோ பிரேக் காற்று குறைந்தாலோ தானே கிளப்பும். 2008-ல் ஈபிஏ கொண்டுவந்த விதிப்படி புதிய எஞ்சினிலும், மறு உற்பத்தி ஆகும் எஞ்சினிலும் இந்த வகை நிறுத்தும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதாவது நீங்கள் மாநிலத்திடம் கேட்கிற வரம்பு ஃபெடரல் விதியிலேயே இருக்கிறது! தெற்கு கலிபோர்னியாவில் எத்தனை ராத்திரி தண்ணீர் உறைகிறது? ஒரு எஞ்சின் நாலரை மணி நேரம் விடாமல் ஓடியது என்றால் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை, அல்லது யாரோ அணைத்துவைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு ஷாப்பில் மூன்றாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் எஞ்சின் கிளம்பாமல் போனால் திட்டு வாங்குவது ஃபோர்மேன், டீசல் போனால் கேட்க ஆளில்லை. கணக்கு அவ்வளவுதான்.

---

ஜன்னலோரம் எழுதியது:

அண்ணா, குருவைப் படித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தனியாகச் சிரித்தேன். எல்லாருக்கும் நன்றி.

ஒரு விஷயம் மட்டும் குழப்பம். மாநிலக் காற்று வள வாரியம் ஏதோ பெரிய ரயில் விதி போட்டதாக 2023-ல் செய்தி படித்த ஞாபகம். 23 வயசு என்று நீடில்ஸ் சொன்னதும் அதுதானே? அது என்ன ஆயிற்று? நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது ஜன்னலை மூடிவைத்துக்கொள்ள வேண்டியதுதானா?

---

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அதேதான். 2023 ஏப்ரலில் வாரியம் நிறைவேற்றியது. 'புதிய' என்ற சுவரில் முட்டாமல், 'ஓட்டத்தில் உள்ள' எஞ்சின்களுக்கு விதி என்று சுற்றிப் போனார்கள். நிறுவனங்கள் தங்கள் எஞ்சின்கள் விடும் புகைக்கு ஏற்ப வருஷாவருஷம் ஒரு தனிக் கணக்கில் பணம் போட வேண்டும், அதில் சுத்தமான எஞ்சின்தான் வாங்கலாம். 2030 முதல் 23 வயசு தாண்டியது மாநிலத்தில் ஓடக்கூடாது. சும்மா ஓடுவதற்கு முப்பது நிமிஷ வரம்பு. 2030-க்குப் பிறகு கட்டும் ஸ்விட்சரும் பயணிகள் எஞ்சினும், 2035-க்குப் பிறகு கட்டும் நெடுந்தூர எஞ்சினும் இங்கே புகையே விடாமல்தான் ஓட வேண்டும். இதெல்லாம் அந்த விதி சொன்னது.

இந்தச் சுற்றுவழிக்கும் ஈபிஏ அனுமதி தேவை. 2023 நவம்பரில் விண்ணப்பித்தார்கள். ரயில் நிறுவனங்களின் சங்கங்கள் அதற்குள் நீதிமன்றம் போய்விட்டன. அனுமதி வரவே இல்லை. 2025 ஜனவரியில், வாஷிங்டனில் புதிய ஆட்சி பதவியேற்க ஒரு வாரம் இருக்கும்போது, மாநிலமே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மறுக்கப்பட்டுக் கெட்ட முன்னுதாரணம் ஆவதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அதே ஆண்டு கார், லாரிக்கு ஏற்கனவே தந்திருந்த விலக்குகளையே காங்கிரஸ் தீர்மானம் போட்டு ரத்து செய்ததைப் பார்த்தால், அந்த ஊகம் தப்பில்லை என்று தோன்றுகிறது.

நீடில்ஸ் சொன்ன 1945 வழக்கை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே நாடு ஒரே விதி என்று கேட்பவர்கள், அந்த ஒரே விதியை அவ்வப்போது இறுக்கவும் கேட்க வேண்டும். ஈபிஏ கடைசியாக எஞ்சின் வரம்பை இறுக்கி எழுதியது 2008. மாநிலத்துக்குத் தடை மட்டும் அன்றாடம் புதியதாக இருக்கிறது, தரம் மட்டும் பழையதாக.

இப்போது உங்கள் ஜன்னலுக்கு வருவோம். உத்தரவு போட முடியாத இடத்தில் மாநிலம் ஒப்பந்தம் போட்டும் காசோலை எழுதியும்தான் வேலை நடத்திவந்திருக்கிறது. 1998-லும் 2005-லும் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005 ஒப்பந்தத்தில் வேலையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவதைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். பெரிய யார்டுகளைச் சுற்றியுள்ளவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஆய்வும் நடந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2004-ல், ரோஸ்வில் யார்டைப் பற்றி வாரியம் ஒரு ஆய்வு வெளியிட்டது. வருஷத்துக்குச் சுமார் 25 டன் டீசல் துகள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு நின்றபடி ஓடும் எஞ்சின்களிலிருந்து. நீங்கள் ராத்திரி கேட்கிற உறுமலுக்கு அப்படி ஒரு எடை உண்டு. உங்கள் யார்டுக்கும் ஆய்வு இருக்கிறதா என்று வாரியத்திடம் கேளுங்கள்.

யார்டுக்குள் ஓடுகிற எல்லாமே ரயில் எஞ்சின் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். கன்டெய்னர் தூக்கும் கிரேன், யார்டு டிராக்டர், வந்துபோகும் லாரி, குளிர்பெட்டியின் தனி எஞ்சின் இவற்றின் மேல் மாநிலத்துக்குத் தனித்தனி விதிகள் இருக்கின்றன. உங்கள் துணியில் ஒட்டும் கறுப்பில் இவற்றின் பங்கும் இருக்கும், அதைப் பற்றிப் புகார் தந்தால் "ஃபெடரல்" என்று யாரும் எளிதில் போனை வைக்க முடியாது. 2017-ல் வந்த 617-ஆம் எண் சட்டப்படி மாசு அதிகமான பகுதிகளில் குடியிருப்பவர்கள் உட்காரும் குழுக்கள் உண்டு. சான் பெர்னார்டினோ, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ், மேற்கு லாங் பீச் பக்கமெல்லாம் அமைத்தார்கள். பழைய ஸ்விட்சரை மாற்ற மானியம் எந்த யார்டுக்குப் போக வேண்டும் என்ற பேச்சு அங்கே காதில் விழும்.

---

பதினாறு சிலிண்டர் எழுதியது:

அதோடு ஒன்று. அடுத்த முறை தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தோடு பைனாகுலரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேபினின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எஞ்சின் எண் இருக்கும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்றைய வெப்பநிலை. பத்து ராத்திரி எழுதினால் போதும். "எஞ்சின் சத்தம் போடுகிறது" என்ற புகாரை எல்லாரும் அடுத்த மேஜைக்குத் தள்ளுவார்கள். "இந்த எண் கொண்ட எஞ்சின், 55 டிகிரி ஃபாரன்ஹீட் ராத்திரியில் நாலரை மணி நேரம் நிற்காமல் ஓடியது, இதன் தானியங்கி நிறுத்தி வேலை செய்கிறதா?" என்று எழுத்தில் ஈபிஏவுக்கும் மாநில வாரியத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். அது ஃபெடரல் விதியைப் பற்றிய கேள்வி என்பதால் ஃபெடரல் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

---

நீடில்ஸ் வழி எழுதியது:

நிறத்தையும் எழுதுங்கள் அக்கா. எண் ஒரு ரயில்வேயில் இருக்கிற மாதிரியே இன்னொன்றிலும் இருக்கும், எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள்தான் சொந்தக்காரரைச் சொல்லும். ராத்திரியில் தெரியாவிட்டால் விடிந்ததும் பாருங்கள். நாலேகால் வரை நின்றது ஆறு மணிக்கும் அங்கேயேதான் நிற்கும்.

---

ஜன்னலோரம் எழுதியது:

நேற்று முதல் ராத்திரி. 12:05 முதல் 3:20 வரை, 58 டிகிரி. எண் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்பது.